பத்தடி செம்புக் குழாயும் மடவளை பஸ்ஸும்

குழாய் இழுக்குற தொழிலுக்கு வர்றவங்களுக்கு மொதல்ல வேண்டியது கைப்பலம் இல்லீங்க, ரோட்டுல போறவங்க சிரிச்சா காதுல வாங்காம இருக்குற தைரியம்.

நீங்களும் எங்கயாச்சும் ஒரு பட்டறையில நின்னு, "இது வரும், வந்தே தீரும்"னு சொல்லி மாட்டிக்கிட்டவங்களா இருந்தா, கிட்ட வாங்க. நம்ம எல்லாம் ஒரே சாதி. நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்துல பொறந்தவன். அப்பா தோட்டத்துல கணக்கப்பிள்ளை. என்னையும் ஆள் கணக்குச் செக்ரோல் எழுத வைக்கணும்னு அவருக்கு ஆசை. எனக்கு இரும்புச் சத்தம் கேட்டாத்தான் சோறு எறங்கும். அதனால மலையை விட்டு எறங்கி, கட்டுகஸ்தோட்டையில ரஷீது நானாவோட பட்டறையில சேந்தேன். அங்க கேத்தல் ஓட்டை அடைப்போம், லாம்புக்கு ஈயம் பத்தவைப்போம், பஸ் மட்கார்டு தட்டுவோம். ஒரு நாள் பழைய சாமானோட ஒரு இங்கிலீசு புஸ்தகம் வந்துச்சு. பாதியைக் கரையான் தின்னுடுச்சு. மிச்சம் இருந்த பாதியில, செம்புக் குழாயை இழுத்துச் செய்றதுக்கு மூணு வழி போட்டிருந்துச்சு. அன்னைக்குப் பிடிச்ச பைத்தியம்.

ஒழுகுற எஞ்சின்

ஹந்தானையில ஒரு டீ பேக்டரியில எஞ்சின் பாக்குறவர் தில்லையம்பலம் அண்ணை, யாழ்ப்பாணத்து ஆளு. டேங்க்லேருந்து எஞ்சினுக்கு எண்ணெ போற செம்புக் குழாய் பத்தடி நீளம். அது ஒடைஞ்சு போய், ரெண்டு துண்டை ஈயம் வச்சு ஒட்டியிருந்தாங்க. எஞ்சின் ஆடுற ஆட்டத்துக்கு அந்த ஒட்டு வாரத்துக்கு ஒருக்கா விட்டுப்போகும். எஞ்சின் நிக்கும், ரோலர் நிக்கும், மாடியில வாட்டப் போட்ட கொழுந்து கெட்டுப்போகும், தொரை கத்துவாரு. சீமையிலேருந்து புதுக் குழாய் வர மூணு மாசமாம். "நடுவுல ஒட்டு இல்லாமப் பத்தடி தந்தா, நான் பூட்டுறன்"னாரு அண்ணை. அவரு வாய மூடல, நான் "தர்றோம்"னுட்டேன். பட்டறையில அப்ப ஒரு அடி குழாய்கூட இழுத்ததில்ல!

நானா என்னை ஒரு பார்வை பார்த்தாரு. ஆனா பெஞ்சு போட எடம் குடுத்தாரு. உருக்குத் தகடு குடுத்தாரு, சங்கிலி குடுத்தாரு, கையால சுத்தி இழுக்குற பழைய லொறி வின்ச் ஒண்ணும் குடுத்தாரு. எல்லாத்தையும் குடுத்துட்டுச் சொன்னாரு: "தம்பி, நோன்புப் பெருநாள் வரைக்கும்தான் ஒனக்குத் தவணை. அதுக்குள்ள பத்தடி வராட்டி இந்த பெஞ்ச ஒடச்சி வெறகாக்கி, அந்த எடத்துல மட்கார்டு தட்டுவேன். நீ ஒங்க வாப்பாக்கிட்ட செக்ரோல் எழுதப் போயிரு."

மொத வழி

வேலை என்னன்னா, செம்புத் தகட்டை நீளவாக்குல சுருட்டி, விளிம்பை வெங்காரமும் பித்தளைப் பொடியும் போட்டுத் தணல்ல பத்தவைக்கணும். தடியா ஒரு குழாய் வரும். அதுக்கு ஒரு முனையைத் தட்டி மூக்கு மாதிரி கூராக்கணும். அச்சுன்னு சொல்ற உருக்குத் தகட்டுல வரிசையா ஓட்டை இருக்கும், பெருசுலேருந்து சின்னது வரைக்கும். மூக்கை ஓட்டையில விட்டு, கொறட்டால பிடிச்சு, சங்கிலி போட்டு இழுக்கணும். ஒவ்வொரு ஓட்டைக்கும் குழாய் மெலியும், மெலிய மெலிய நீளும். அஞ்சடியில ஆரம்பிச்சது பத்தடியைத் தாண்டும். சொல்றதுக்கு எவ்வளவு சுளுவா இருக்கு பாத்தீங்களா?

மொத வழி, உள்ளுக்குள்ள ஒண்ணும் வைக்காம வெறும் குழாயா இழுக்குறது. இழுத்தோம். வின்ச் சுத்துறது பொன்னையா. என்னைவிட பத்து வயசு மூத்தவன், கம்பளைப் பக்கம் கொல்லுப் பட்டறையில இருந்தவன். குழாய் வெளிய பளபளன்னு வந்துச்சு. நான் குதிச்சேன். பொன்னையா குதிக்கல. மூக்கை வெட்டிட்டு, ஒரு முனையில வாய வச்சு ஊதிப் பாத்தான். மறுமுனையில காத்து வரல. நசுக்க நசுக்க செம்பு உள்பக்கமா தடிச்சு, ஓட்டை ஊசி போகுற அளவுக்குச் சுருங்கிப் போச்சு. பொன்னையா வாயத் தொடைச்சுக்கிட்டுச் சொன்னான்: "நல்ல கைத்தடி, தம்பி. கெழவனானா நமக்கு ஆளுக்கு ஒண்ணு."

ரெண்டாவது வழி

உள்ள நீளமா ஒரு உருக்குக் கம்பியை வச்சு, கம்பியும் குழாயும் சேந்தே ஓட்டை வழியா வர்ற மாதிரி இழுக்குறது ரெண்டாவது வழி. உள் ஓட்டை சுருங்காது. ரொம்ப அழகா வந்துச்சு. அப்புறம் கம்பியை வெளிய எடுக்கணுமே! குழாய் கம்பியைக் கவ்விப் பிடிச்சிருச்சு. நான் ஒரு பக்கம், பொன்னையா ஒரு பக்கம், காலை எதிர்த்து வச்சு இழுத்தோம். சுடவச்சோம். பச்சைத்தண்ணியில போட்டோம். புஸ்தகத்துல அதுக்கு என்ன வழின்னு பாத்தா, அந்தப் பக்கம் கரையானுக்கு.

மூணாவது நாள் தில்லையம்பலம் அண்ணை குழாய் எப்படியிருக்குன்னு பாக்க வந்தாரு. கையில வாங்கிப் பாரம் பாத்தாரு. ஒரு கண்ண மூடிக்கிட்டு உள்ள பாத்தாரு. உள்ள இருட்டு. ரொம்ப மரியாதையா என் கையில திருப்பிக் குடுத்தாரு: "ஓம் தம்பி, வடிவா இருக்கு. ஆனா எங்கட எஞ்சின் எண்ணெய்தான் குடிக்கும், கம்பி குடிக்காது."

அவசரம்

ஒரு ஓட்டையில இழுத்தா செம்பு வெறைச்சுப் போகும். திரும்பவும் தணல்ல போட்டுச் செவக்கக் காய்ச்சி, தண்ணியில அமுக்கி, கறுப்புப் போக, மீனுக்குப் போடுற கொறக்காப்புளித் தண்ணியில ஊறவச்சாத்தான் அடுத்த ஓட்டைக்கு வரும். ஒரு நாள் ரொம்ப நல்லா போய்க்கிட்டிருந்துச்சு. எனக்குப் பொறுமை இல்ல. காய்ச்சாமலே அடுத்த ஓட்டைக்குப் போவோம்னேன். பொன்னையா வேணாம்னான். நான் கேக்கல. மூக்கு படார்னு அறுந்துச்சு. பொன்னையா, கொறடு, சங்கிலி மூணும் சேந்து பின்னால போய்க் கொறக்காத் தொட்டிக்குள்ள விழுந்துச்சு.

தொட்டியில உக்காந்தபடியே அவன் சொன்னது: "குளிக்கணும்னா மகாவலி கெடக்கு. என்னைய எதுக்கு மீன் மாதிரி புளியில போடுற?"

கொழுப்பு

மூணாவது வழிதான் சரியான வழி. நீளக் கம்பி உள்ள இருக்கும், ஆனா அது குழாயோட வராது. அதோட பின்பக்கத்தைச் செவுத்துல இறுக்கிக் கட்டிருவோம். முன்முனையில ஒரு சின்ன உருக்குக் குமிழ். அந்தக் குமிழ் சரியா அச்சு ஓட்டையோட வாயில நிக்கும். குழாய் மட்டும் குமிழுக்கும் ஓட்டைக்கும் நடுவுல வழுக்கிக்கிட்டு வரும். வழுக்கணும், அதுதான் விஷயம். வழுக்கலேன்னா குமிழைக் கவ்வி எல்லாத்தையும் பிச்சுரும்.

வழுக்குறதுக்குக் கொழுப்புத் தடவணும்னு புஸ்தகம். நான் எறைச்சிக் கடைக்கு ஓடிப்போய் மாட்டுக் கொழுப்பு வாங்கிட்டு வந்தேன். பொன்னையா திருநீத்தைத் தொட்டுக்கிட்டு மூணடி தள்ளிப்போய் நின்னுட்டான். சரி, அவனுக்கு மாடுதானே ஆகாது? நேரா நானாக்கிட்ட போய், "அப்ப பன்னிக் கொழுப்பு வாங்கிட்டு வரட்டுமா நானா?"ன்னு கேட்டேன். நோன்பு மாசம் வேற. சிரிக்காதீங்க, குழாய் நெனப்புல இருந்தா நீங்களும் கேட்டிருப்பீங்க. நானா தொப்பியைக் கழட்டி, தலையைத் தடவி, திரும்பப் போட்டுக்கிட்டாரு. கடைசியில சவுக்காரத்தைத் தேங்காயெண்ணெயில சீவிப்போட்டுக் காச்சித் தடவுறதுன்னு முடிவாச்சு. ஆனா அதுக்கு முன்னால நானா சொன்னதை நான் மறக்கவே மாட்டேன்: "அந்தச் சாமான் இந்த வாசலுக்குள்ள வந்தா நான் வெளிய போறேன். நீ முதலாளியா இருந்துக்க, ஒன்ட குழாயும் நீயும்."

மினிரன்

சவுக்காரம் பரவால்ல. ஆனா என் மனசு அடங்குமா? பென்சிலுக்குள்ள இருக்குற கரி இருக்கே, மினிரன், அது நம்ம நாட்டு மண்ணுல கெடைக்குது, கையில தேச்சாலே வழுக்குது. அதைச் சவுக்காரத்தோட கலந்தேன். அடடா! நாலடித் துண்டு ஒண்ணு வெண்ணெ மாதிரி வந்துச்சு. அந்த நேரம் பார்த்து மடவளை பஸ் ஓட்டுற பண்டா ஐயா, பெட்ரோல் குழாய் மாத்தணும்னு வந்தாரு. அந்தத் துண்டையே வெட்டி வளைச்சுப் பூட்டிக் குடுத்தோம். நம்ம குழாய் பஸ்ஸுல போகுது! பொன்னையாவும் நானும் ரோடு திரும்புற வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னோம்.

ரெண்டு மணி நேரத்துல பண்டா ஐயா திரும்பி வந்தாரு. உள்ள ஒட்டியிருந்த கரியை நாங்க சரியாக் கழுவல. அது எறங்கி அடைச்சு, மஹய்யாவ ஏத்தத்துல பஸ் மூணு தரம் நின்னிருக்கு. அவரு கத்துவாருன்னு பயந்தேன். அவருக்குக் கோவத்தைவிடப் பெருமைதான் கூட இருந்துச்சு. சிங்களக்காரரு, தம்பியை 'மல்லி'ன்னுவாரு; எனக்குப் புரியட்டும்னு மிச்சத்தை மெதுவாத் தமிழ்ல சொன்னாரு: "மல்லி, ஏத்தத்துல மூணு தரம் நின்னது, மூணு தரம் எடுத்தது. ஒரு அங்குலம் பின்னால போகல்ல, ஒரு மனுசன் மடியில கூடை ஆடல்ல. நின்னது ஒங்கட குழாய், எடுத்தது நான்."

அஞ்சடிக்கு ஒரு மோதிரம்

மினிரனை விட்டுட்டுச் சவுக்காரத்துக்கே வந்தோம். பெருநாளுக்கு இன்னும் எட்டு நாள். பத்தடிக் குழாய் ஒண்ணு வந்தேவிட்டுச்சு! அண்ணைக்குச் சொல்லியனுப்பினேன். அவரு வந்து குழாயை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு உள்ள பாத்தாரு. நானும் பாத்தேன். நடுவுல மோதிரம் மாதிரி ஒரு தழும்பு. எப்படின்னா, எங்க பட்டறை நீளம் பத்தாது. அஞ்சடி இழுத்தா கொறடு வின்ச்சுல முட்டும், வின்ச்சுக்கு அந்தப் பக்கம் வாசப்படி, அதுக்கு அந்தப் பக்கம் ரோடு. மொதல்லயே வெளிய வைக்கலாம்னா, வின்ச் உருளையில அவ்வளவு சங்கிலி சுத்தாது. அதனால நிப்பாட்டி, சங்கிலியைக் கழட்டி, வின்ச்சை வாசலுக்கு வெளிய தள்ளி, திரும்ப மாட்டி இழுப்போம். நிக்குற அந்த நொடியில குமிழ் செம்பைக் கடிச்சிருது. எஞ்சின் ஆடும்போது சரியா அங்கதான் வெடிக்கும்.

நிக்காம இழுக்கணும். ஒரே இழுவை, ஒரே வேகம், பத்தடியும். பொன்னையா வின்ச்சை விட்டுட்டுக் கீழ உக்காந்துட்டான். அண்ணை குழாயைச் செவுத்துல சாத்தி வச்சுட்டுக் கொடையை எடுத்தாரு: "நான் பெருநாளண்டைக்கு வாறன், தம்பி. இதைவிடச் சின்னத் தழும்பெண்டாலும் நான் பூட்டமாட்டன், சொல்லிப்போட்டன்."

பஹினவா

மிச்சம் இருந்தது ஒரே ஒரு செம்புத் தகடு. அதையும் சுருட்டிப் பத்தவச்சு, காய்ச்சிக் காய்ச்சி, கடைசி ரெண்டு ஓட்டை வரைக்கும் கொண்டாந்துட்டேன். முன்ஓட்டைத் தழும்புகளைப் பின்ஓட்டை நசுக்கிச் சமப்படுத்திரும். கடைசி ரெண்டும் நிக்காம வந்தா நல்லது, கடைசி ஒண்ணு வந்தே ஆகணும். எங்க பட்டறை முச்சந்தியில இருக்கு. வாசல்ல நின்னா மடவளை ரோடு நேரா நீட்டமாப் போகும். சாயந்தரம் பண்டா ஐயாவோட பஸ் வந்து, பின்பக்கத்தை எங்க வாசலுக்குக் காட்டி ஆள் ஏத்திக்கிட்டு நின்னுச்சு. ஏத்தத்துல ஒரு அங்குலம் பின்னால போகாம எடுத்த மனுசன்! நான் சங்கிலியைத் தூக்கிக்கிட்டு ஓடினேன்.

விஷயத்தைச் சொன்னதும் பண்டா ஐயாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆள் எறங்க வேணாம், பாரம் இருந்தாத்தான் பஸ் குதிக்காதுன்னாரு. நோன்பு தொறக்க வீட்டுக்குப் போற சனம் பஸ் நெறைய. சங்கிலியைப் பின்னால மாட்டினோம். மொத கியர். அம்மாடி, பஸ் கெளம்பினதே தெரியல! குழாய் அச்சு வழியா எண்ணெ வடியிற மாதிரி வருது, ஒரு அடி, மூணு அடி, அஞ்சடி, ஆறடி. அந்த நேரம் பஸ்ஸுக்குள்ளேருந்து ஒரு சத்தம்: "பஹினவா!" சிங்களத்துல 'எறங்குறேன்'னு அர்த்தம். எத்தனையோ வருசமா அந்தச் சத்தம் கேட்டா பண்டா ஐயாவோட கால் தன்னால பிரேக்குக்குப் போகும். போச்சு. ஆறாவது அடியில மோதிரம்.

கத்துனது மடவளைக்குப் பாண் ரொட்டி கொண்டுபோற பாண்காரர். ஏறும்போது ஒரு கூடைய எங்க வாசப்படியில மறந்து வச்சுட்டாரு. எறங்கி ஓடி வந்து கூடையைத் தூக்கிக்கிட்டு, எங்க எழவு வீட்டு மூஞ்சிகளைப் பாத்து, ஒண்ணும் புரியாமச் சொன்னாரு: "என்னத்துக்கு எல்லாரும் மய்யித்து ஊட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க? எனக்கு ஒரு கூடைதானே மறந்து போச்சு!"

லேஞ்சி

அந்த மோதிரத்தை நசுக்க இன்னும் ஒரே ஓட்டை. பெருநாளுக்கு முந்தின நாள். பொன்னையா ராத்திரிச் சோறு திங்காம குமிழைத் தீட்டியிருக்கான், எங்கிட்ட சொல்லல. நான் குழாயைக் காய்ச்சி, புளியில கழுவி, சவுக்காரம் தடவி, கம்பியில மாட்டினேன். அதே நேரம், அதே பஸ். பாண்காரரும் இருந்தாரு, கூடை எல்லாத்தையும் மடியில அடுக்கிக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு. நானா தானே பஸ்ஸுக்குள்ள ஏறி நின்னு, ஒரு வெரலத் தூக்கினாரு. ஒருத்தரும் வாய தொறக்கக்கூடாது, எறங்கக்கூடாது, தும்மக்கூடாது. பண்டா ஐயாக்கிட்டயும், "யாரு என்ன சொன்னாலும் நிப்பாட்ட வேணாம்"னுட்டாரு. பாண்காரர் தன்மேல நம்பிக்கை இல்லாம, மூஞ்சி தொடைக்கிற லேஞ்சியைச் சுருட்டித் தன் வாயிலயே வச்சுக்கிட்டாரு.

பஸ் நகந்துச்சு. ஆறடி. நான் மூச்சு விடல. எட்டடி. ஒன்பது. பத்து. அதுக்கும் மேல ஒரு அடி. குழாயோட வால் அச்சை விட்டுத் துள்ளி வெளிய வந்துச்சு. வந்துருச்சு! நானும் பொன்னையாவும் கட்டிப்பிடிச்சுக்கிட்டோம். அப்புறம்தான் பாக்குறோம், பஸ் நிக்கல. நிப்பாட்டச் சொல்ல ஒருத்தருமே இல்ல! நானா உள்பட எல்லாரும் அவரு சொன்ன சொல்லைக் காப்பாத்திக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருக்காங்க, என் குழாய் சரளைக்கல் ரோட்டுல பாம்பு மாதிரி இழுபட்டுப் போகுது. நான் "ஐயா! ஐயா!"ன்னு கத்திக்கிட்டுப் பின்னால ஓடுறேன். யாரு என்ன சொன்னாலும் நிக்கக்கூடாதுன்னு நானா சொன்னதால பண்டா ஐயாவும் நிப்பாட்டல. பின்சீட்டுல இருந்த பாண்காரர் மட்டும் திரும்பி என்னையும் பாத்தாரு, குழாயையும் பாத்தாரு. லேஞ்சியைத் துப்பினாரு. வயிறு கிழியிற மாதிரி ஒரு "பஹினவா!" பண்டா ஐயாவோட கால் நானாவுக்குக் கட்டுப்படுமா? பஸ் அந்த எடத்துலயே நின்னுச்சு.

பெருநாளன்னைக்குக் காலையில அண்ணை வந்தாரு. நானா புதுச் சாரம் கட்டிக்கிட்டு, பெஞ்சுக்குப் பக்கத்துலயே நின்னாரு. கோடாலியும் அங்கதான் சாத்தியிருந்துச்சு, அது தற்செயலான்னு எனக்குத் தெரியாது. மூக்கையும், ரோட்டுல தேஞ்ச வால்பக்கத்துல ஒரு அடியையும் வெட்டித் தள்ளினேன். அண்ணை மிச்சப் பத்தடியைத் தடவினாரு, மேலெல்லாம் கீறல். முகத்தைச் சுளிச்சாரு. வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சாரு. பிடிச்சவரு எறக்கவே இல்ல. அப்புறம் ஒரு முனையை அடைச்சு, மறுமுனையில கைப்பம்பை மாட்டித் தண்ணியை ஏத்தினாரு. பம்புப் பிடி மேல அவரே ஏறி உக்காந்து அமுக்கினாரு. எங்கயும் ஒரு சொட்டு கசியல. "வெளியில கட்டுகஸ்தோட்டை ரோடு, உள்ளுக்குக் கண்ணாடி"ன்னாரு. "காணும், இது போதும். இண்டைக்கே பூட்டுறன்."

நானா கோடாலியைத் தூக்கினாரு. எனக்கு உசிரு போச்சு. அதைக் கொண்டுபோய் வெறகுக்குப் பக்கத்துல வச்சுட்டு வந்து, பெஞ்சைக் கையால தட்டினாரு: "இது இங்கயே நிக்கட்டும். பக்கத்துல ஒரு கதிரையும் போட்டு வை தம்பி, பாண்காரர் வந்தா உக்கார."

ஆக, குழாயை இழுக்குறதுக்குப் புஸ்தகத்துல மூணு வழி இருக்குங்க, ஆனா அதை நிப்பாட்டுறது எப்படின்னு மடவளைப் பாண்காரரைத்தான் கேக்கணும்.